டிராஃப்ட்ல பசங்கள எப்படித்தான் பொறுக்குறாங்க? கடைசியா வந்த டீமுக்கு ஏன் முதல் ஆள் கிடைக்கல?

பேசின்பிரிட்ஜ்_பாயிண்ட் · 2025 ஜூன் 28, காலை 7:12

வியாழக்கிழமை விடிகாலை அஞ்சரைக்கு என்பிஏ டிராஃப்ட் (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் டீமுங்க வரிசையா புதுப் பசங்கள பொறுக்குறது) பாத்தவங்க கொஞ்சம் புரிய வைங்கப்பா. மூணு சந்தேகம்.

லீக்லயே கடைசி டீம் யூட்டா. அவங்களுக்கு அஞ்சாவது பிக், அதாவது அஞ்சாவதா பொறுக்குற முறை. ப்ளேஆஃப் வாசல் வரைக்கும் வந்த டல்லாஸுக்கு முதல் பிக், அதுல எடுத்தது கூப்பர் ஃப்ளாக். இது எந்த ஊர் நியாயம்? ரெண்டாவது, ஐபிஎல் மாதிரி ஏலம் விட்டா தீர்ந்துது, எதுக்கு இந்த வரிசை? மூணாவது, சீனாப் பையன் யாங் ஹான்சன் ரெண்டாவது ரவுண்டுல தான் போவான்னு நிறைய லிஸ்ட் சொல்லுச்சு. போர்ட்லேண்ட் 16லயே எடுத்துட்டாங்க. அப்போ லிஸ்ட் போடறவங்க கண்ண மூடிக்கிட்டா போடறாங்க?

கொருக்குப்பேட்டை_கூடை · காலை 7:40

முதல் சந்தேகத்த மட்டும் நான் எடுத்துக்கறேன்.

தெருவுல போடற குலுக்கல் சீட்டு மாதிரி தான் இதுவும். ஆனா ஆளுக்கு ஒரு சீட்டு கிடையாது, தோத்தவன் பேர்ல நிறைய சீட்டு. ப்ளேஆஃப் போகாத 14 டீம் தான் இதுக்குள்ள. 1ல இருந்து 14 வரைக்கும் நம்பர் போட்ட பந்து 14. டிரம்முல போட்டு 20 செகண்ட் சுத்த விட்டு ஒரு பந்து எடுப்பாங்க, அப்புறம் 10 செகண்டுக்கு ஒண்ணா இன்னும் மூணு. எந்த வரிசையில வந்துச்சுங்கறது கணக்கே இல்ல, எந்த நாலு நம்பருங்கறது தான். 14ல நாலு பொறுக்க 1001 வழி இருக்கு. 11-12-13-14ங்கற ஒரு கூட்ட தள்ளி வச்சுட்டு மிச்ச ஆயிரத்த டீமுக்கு டீம் பிரிச்சுக் குடுத்துடுவாங்க. கடைசி மூணு டீமுக்கும் தலா 140. நாலாவதுக்கு 125, அஞ்சாவதுக்கு 105, அப்படியே தேஞ்சு தேஞ்சு 14ஆவது டீமுக்கு வெறும் 5.

இப்படிக் குலுக்குறது முதல் நாலு இடத்துக்கு மட்டும். வந்த டீமே திரும்ப வந்தா அத விட்டுட்டு மறுபடி குலுக்குவாங்க. அஞ்சாவதுல இருந்து 14 வரைக்கும் குலுக்கல் இல்ல, யார் அதிகமா தோத்தாங்களோ அவங்க முன்னாடி.

இப்ப யூட்டா கணக்க பாரு. முதல் பிக் வர வாய்ப்பு 14%. அஞ்சாவதுக்கு இறங்க வாய்ப்பு 47.9%. கிட்டத்தட்ட பாதி. அதுக்குக் கீழ இறங்க முடியாது, ஏன்னா மேல போறது நாலே டீம். 2023லயும் 2024லயும் கடைசியா வந்த டெட்ராய்ட்டும் இதே மாதிரி அஞ்சுக்குத் தான் இறங்குச்சு. டல்லாஸும் சிகாகோவும் 39 ஜெயிச்சு 43 தோத்து சமம். 11ஆவது, 12ஆவது இடத்துக்கான 20ஐயும் 15ஐயும் கூட்டி 35ஆக்கி, டல்லாஸுக்கு 18, சிகாகோவுக்கு 17னு பிரிச்சாங்க. ஆயிரத்துல அந்தப் பதினெட்டுல ஒண்ணு தான் விழுந்துச்சு.

ராயபுரம்_ரீபவுண்டு · காலை 7:58

கடைசி டீமுக்கு 25% தானே? 14னு சொல்றியே.

கொருக்குப்பேட்டை_கூடை · காலை 8:03

அது பழைய கணக்கு தல. 25, 19.9, 15.6னு இருந்துச்சு, குலுக்கலும் முதல் மூணு இடத்துக்குத் தான். அதனால தோக்கறதையே தொழிலா வச்சுக்கிட்டாங்க. 2015-16ல ஃபிலடெல்பியா 10 ஜெயிச்சு 72 தோத்துச்சு, அடுத்த டிராஃப்ட்ல முதல் பிக்கும் வந்துச்சு. 2019 குலுக்கல்ல இருந்து மூணு டீமுக்கும் 14னு சமமாக்கிட்டாங்க. இப்ப மூணாவது கடைசியா இருக்கறதும் கடைசியா இருக்கறதும் முதல் பிக்குக்கு ஒண்ணு தான். கடைசி டீமுக்கு இருக்குற ஒரே லாபம், அஞ்சுக்குக் கீழ போகாது. மூணாவது கடைசி டீம் ஏழு வரைக்கும் சறுக்கலாம்.

எர்ணாவூர்_எக்ஸ்பிரஸ் · காலை 8:20

பொம்பளைங்க லீக்ல இதுக்கு வேற மருந்து. டபிள்யூஎன்பிஏ குலுக்கலுக்கு ஒரு சீசன் இல்ல, ரெண்டு சீசன் ஜெயிச்சதையும் தோத்ததையும் கூட்டித் தான் வரிசை. ஒரு வருஷம் வேணும்னே படுத்தா பத்தாது, ரெண்டு வருஷம் படுக்கணும். என்னைக் கேட்டா இது தான் புத்திசாலித்தனம்.

ராயபுரம்_ரீபவுண்டு · காலை 8:26

1985ல முதல் குலுக்கல்ல நியூயார்க் பேர் இருந்த கவர முன்னாடியே ஐஸ்ல வச்சு, கைக்கு ஜில்லுனு பட்டத எடுத்துத் தான் அவங்களுக்கு பேட்ரிக் யூயிங்க குடுத்தாங்கன்னு இன்னைக்கும் சொல்றவன் இருக்கான். சும்மா ஞாபகப்படுத்தினேன்.

கொருக்குப்பேட்டை_கூடை · காலை 8:31

அது கவர், இது பந்து. இப்ப குலுக்கல் நடக்குற ரூம்ல தணிக்கை நிறுவன ஆள், டீமுக்கு ஒரு பிரதிநிதி, பத்திரிகைக்காரங்க எல்லாரும் உள்ள. முடிவு டிவில வர்ற வரைக்கும் யார் கையிலயும் போன் இருக்காது. இதுக்கு மேல கதைக்கு வேற இழை ஆரம்பிங்க.

பெரம்பூர்_பிவட் · காலை 9:15

தம்பி பாயிண்ட்டு, ரெண்டாவது மூணாவது சந்தேகத்துக்கு வர்றேன்.

காசிமேட்டுல ஏலம் விடும்போது வஞ்சிரம் ஒரே கூடை, கேக்கறவன் பத்து பேரு, விலை ஏறும். டிராஃப்ட்ல விலைய முன்னாடியே எழுதி ஒட்டியாச்சு. முதல் ரவுண்டு 30 இடத்துக்கும் சம்பள அட்டவணை இருக்கு. அதுல 80%ல இருந்து 120% வரைக்கும் குடுக்கலாம், அனேகமா எல்லாருக்கும் 120 தான். நாலு வருஷ ஒப்பந்தம். முதல் ரெண்டு வருஷம் கட்டாயம் குடுக்கணும், மூணாவதும் நாலாவதும் டீம் இஷ்டம். அதுலயும் ஒரு கண்டம் இருக்கு: மூணாவது வருஷத்த வச்சுக்கறதா விடறதான்னு பையன் ஒரே ஒரு சீசன் ஆடினதுமே, அந்த அக்டோபர் 31க்குள்ள சொல்லிடணும்.

அதனால டீம் வாங்குறது ஆள இல்ல. நாலு வருஷத்துக்கு அடி மாட்டு விலையில ஒருத்தன வச்சுக்கற உரிமைய வாங்குது. அவன் ஸ்டார் ஆனாலும் நாலு வருஷம் அதே அட்டவணை சம்பளம். மிச்ச காச வச்சு வேற ரெண்டு பேர வாங்கலாம். ஒரு நல்ல பிக்கால டீம் நிமிர்றது இங்க தான், அவன் போடற பாயிண்ட்டால மட்டும் இல்ல.

இப்ப லிஸ்ட். ரெண்டு காகிதம் இருக்கு, குழப்பிக்கக் கூடாது. மாக் டிராஃப்ட்டுனு வெளிய வர்றது ‘எந்த டீம் யார எடுக்கும்’ங்கற யூகம். டீம் உள்ள வச்சிருக்கறது போர்டு, ‘யார் எவ்வளவு தேறுவான்’ங்கறது. போர்ட்லேண்ட் கிட்ட முதல்ல இருந்தது 11ஆவது பிக். அத மெம்ஃபிஸுக்குக் குடுத்து 16க்கு இறங்கி, கூடவே எதிர்காலத்துல ஒரு முதல் ரவுண்டு பிக்கும் வாங்கிக்கிட்டு, அப்புறம் தான் யாங்க எடுத்தாங்க. அவன் அவங்க போர்டுல மேல இருந்திருக்கான். இன்னும் கீழ இறங்கினா வேற எவனாவது தூக்கிடுவான்னு பயம். இறங்கறதுக்கும் கூலி வாங்கியாச்சு, ஆளும் கிடைச்சாச்சு. அவன் தேறுவானாங்கறது வேற விஷயம், இறங்கின விதத்துல தப்பில்ல.

போர்டுல அறுபது பேரையும் ஒத்தை வரிசையில நிக்க வைக்கறது பேருக்குத் தான். உண்மையில படி படியா பிரிப்பாங்க. ஒரு படியில ஒருத்தன் மட்டும் இருக்கலாம், இன்னொண்ணுல எட்டு பேர் இருக்கலாம். நம்ம முறை வரும்போது மேல் படியில ஆள் மிச்சம் இருந்தா அவனத் தான் எடுக்கணும், நமக்கு அந்த இடத்துல ஏற்கனவே மூணு பேர் இருந்தாலும். ஒரே படியில நாலு பேர் இருந்தா மட்டும் ‘நமக்கு யார் தேவை’ங்கற பேச்சு. படி தாண்டித் தேவையப் பாத்தா என்ன ஆகும்னு 1984 சொல்லும். போர்ட்லேண்ட் கிட்ட முந்தின வருஷம் எடுத்த கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தான், இன்னொரு கார்டு (வெளிய நின்னு பந்து தட்டி ஆடறவன்) வேணாம், உயரமானவன் வேணும்னு ரெண்டாவது பிக்ல சாம் போவிய எடுத்தாங்க. கால் எலும்பு முறிவால காலேஜ்ல ரெண்டு சீசன் முழுசா உக்காந்தவன் அவன். மூணாவது பிக்ல சிகாகோவுக்கு மைக்கேல் ஜோர்டான்.

தண்டையார்பேட்டை_டிஃபென்ஸ் · காலை 10:02

அண்ணே, 1984ஐ எல்லாரும் சொல்றாங்க. ஆனா ‘தேவை பாக்காத’ன்னு மொட்டையா சொன்னா அதுவும் தப்பு. 2009ல மினசோட்டா 5ல ரிக்கி ரூபியோ, 6ல ஜானி ஃப்ளின், ரெண்டுமே பாயிண்ட் கார்டு, பந்த கையில வச்சு ஆட்டத்த நடத்தறவங்க. ரூபியோ ஸ்பெயின்லயே ரெண்டு வருஷம் இருந்துட்டு 2011ல தான் வந்தான். 7ல கோல்டன் ஸ்டேட் எடுத்தது ஸ்டீஃபன் கறி. அதுவும் ஒரு கார்டு தான்னு நீங்க சிரிக்கலாம், ஆனா நான் சொல்றது வேற. ஒரே இடத்துக்கு ரெண்டு பசங்க வந்தா ரெண்டு பேருக்கும் பந்து கையில இருக்குற நேரம் பாதியாகிடும். 19 வயசுப் பையன் கத்துக்கறது ஆடி ஆடித் தான்.

பொருத்தம்னா இடம் மட்டும் இல்ல. 2011ல சான் அன்டோனியோ ஜார்ஜ் ஹில்ல இண்டியானாவுக்குக் குடுத்து 15ஆவது பிக்கா கவாய் லெனர்ட வாங்குனாங்க. ஆள் கை விரிச்சா ஏழடி மூணு அங்குலம், உள்ளங்கை முறம் மாதிரி, டிஃபென்ஸ்ல பேய். வெளிய இருந்து ஷாட் விழாது, அதனால தான் 15 வரைக்கும் வந்தான். அவங்க கிட்ட சிப் எங்கெலாண்ட்னு ஷூட்டிங் கோச் இருந்தாரு, பந்த விடற இடத்தையே மாத்தி விட்டாரு. ஷாட்ட சரி பண்ணத் தெரிஞ்ச டீம், ஷாட் மட்டும் இல்லாத பையன எடுத்தா அது பொருத்தம். அதே பையன் வேற வீட்டுக்குப் போயிருந்தா வெறும் டிஃபென்ஸ்காரன்.

பெரம்பூர்_பிவட் · காலை 10:10

அத ஒத்துக்கறேன். நம்ம கையில எந்தக் குறைய சரி பண்ண ஆள் இருக்கோ, அந்தக் குறை உள்ளவன போர்டுலயே ஒரு படி மேல வைக்கலாம். படி போடும்போதே இத கணக்குல எடுத்துக்கணும், டிராஃப்ட் ராத்திரி அஞ்சு நிமிஷ கெடுவுல யோசிக்கக் கூடாது.

மூலக்கொத்தளம்_மூணு · காலை 10:45

ஷாட் பேச்சு வந்ததால சொல்றேன், இங்க தான் நிறைய டீம் ஏமாறுது.

காலேஜ்ல ஒரு சீசனுக்கு ஒரு பையன் 120 மூணு பாயிண்ட் முயற்சி பண்றான்னு வை. 35%னா 42 உள்ள போகுது. 40%னா 48. வித்தியாசம் ஆறே பந்து. முப்பது மேட்சுல ஆறு பந்து ரிங்குல பட்டு உள்ள உருண்டுதா வெளிய உருண்டுதாங்கறதுக்கு ‘ஷூட்டர்’, ‘ஷூட்டர் இல்ல’ன்னு முத்திரை குத்துறாங்க. அதனால விவரமானவங்க ஃப்ரீ த்ரோவையும் சேத்துப் பாக்குறாங்க. தூரம் மாறாது, மேல ஆள் ஏற மாட்டான், கை வேலை மட்டும் தெரியும். மூணு பாயிண்ட் 31%, ஃப்ரீ த்ரோ 85%னா இவனுக்குத் தொடு உணர்வு இருக்கு, தேறுவான்னு கணக்கு. மூணு 39%, ஃப்ரீ த்ரோ 60%னா சந்தேகப்படணும். எத்தனை முயற்சிங்கறதும் முக்கியம். மேட்சுக்கு ஒண்ணு போட்டு 42% வச்சிருக்கறவன விட ஏழு போட்டு 36% வச்சிருக்கறவனத் தான் எதிராளி பயந்து ஒட்டி நிப்பான்.

அடுத்தது கோடு. நம்ம ஊர் கோர்ட்டுல ஒழுங்கா அளந்து போட்டிருந்தா 6.75 மீட்டர். அமெரிக்க ஆம்பள காலேஜும் 2019ல இருந்து அதே தூரம். என்பிஏ 7.24 மீட்டர். 49 சென்டிமீட்டர் பின்னாடி. ஆனா மூலையில அப்படி இல்ல, இங்க 6.60, அங்க 6.71. மூலையில வெறும் 11 சென்டிமீட்டர் தான் கூட. அதனால வீடியோ பாக்கும்போது அவன் மூணு எல்லாம் எங்க இருந்து போகுதுனு பாரு. மூலையில நின்னு போடறவன் வந்ததும் ஒத்துக்குவான். மேல நின்னு கால கோட்டுல ஒட்டிக்கிட்டே போடறவனுக்கு அந்த அரை மீட்டர் இடிக்கும், காலால தள்ளாம தோளால தூக்க ஆரம்பிப்பான், பந்து ரிங்கோட முன் விளிம்புல அடிக்கும்.

வயசு இன்னொரு பொறி. 22 வயசுல 18 பாயிண்ட் அடிக்கறத விட 19 வயசுல அதே காலேஜ் லீக்ல 15 அடிக்கறது பெரிசு. மூணு வருஷம் கூட சாப்ட்டு, கூட எடை தூக்கி, சின்னப் பசங்க மேல ஏறி விளையாடறவன் அந்த 22 வயசுக்காரன்.

எர்ணாவூர்_எக்ஸ்பிரஸ் · காலை 11:05

வயசு விதியும் சொல்லிடுங்க. டிராஃப்ட் நடக்குற ஆண்டுக்குள்ள 19 முடியணும். அமெரிக்காவுல படிச்சவனா இருந்தா ஸ்கூல் முடிச்சு ஒரு வருஷமும் ஆகியிருக்கணும். ஃப்ளாக் பொறந்தது 2006 டிசம்பர் 21. டிராஃப்ட் அன்னைக்கு 18 தான், ஆனா 2025க்குள்ள 19 ஆகிடும், பத்து நாள் மிச்சத்துல தப்பிச்சான். பதினோரு நாள் தள்ளிப் பொறந்திருந்தா அடுத்த வருஷம் தான்.

திருவொற்றியூர்_டைம்அவுட் · பகல் 12:30

கம்பைன், அதான் டிராஃப்ட்டுக்கு முன்னாடி பசங்கள அளந்து சோதிக்கற முகாம், அது பத்தி ஒருத்தரும் சொல்லல. மே மாசம் சிகாகோவுல நடக்கும். வெறும் காலோட உயரம், கை விரிப்பு, நின்ன இடத்துல இருந்து கை தூக்குற உயரம், எடை, உள்ளங்கை நீளம் அகலம் எல்லாம் அளப்பாங்க. நின்ன இடத்துல குதி, ஓடி வந்து குதி, முக்கால் கோர்ட் ஓட்டம், பெயிண்ட்ட (ரிங்குக்கு முன்னாடி இருக்குற கட்டத்த) சுத்தி முன்ன பக்கவாட்டுல பின்ன ஓடற லேன் அஜிலிட்டி. அப்புறம் ஷூட்டிங், அஞ்சுக்கு அஞ்சு ஆட்டம், டீம்களோட நேர்காணல், டாக்டர். லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்துக்கு அப்புறம் கூப்பிட்டா போயே ஆகணும், சரியான காரணம் இல்லாம டிமிக்கி குடுத்தா அந்த வருஷ டிராஃப்ட்ல இடமே இல்ல.

இதுல எந்த எண் முக்கியம்னா, உயரத்த விட நின்ன கை உயரம். ரிங்கு 3.05 மீட்டர்ல தொங்குது, பந்த தடுக்கறது தலை இல்ல, விரல் நுனி. கழுத்து நீளமான பையன் உயரமா தெரிவான், தோள் கீழ இருக்கும். எடை தூக்கறத ரொம்ப நம்பாத. 2007ல கெவின் டுரான்ட் 185 பவுண்ட ஒரு தடவ கூட தூக்கல, இன்னைக்கும் ஆடிக்கிட்டிருக்கான். அவனுக்கு முன்னாடி முதல் பிக்கா போன கிரெக் ஓடன் முட்டியால மொத்தம் 105 மேட்ச் தான் ஆடினான்.

அதான் டாக்டர் ரிப்போர்ட். போர்டுல ராத்திரியோட ராத்திரியா ஒருத்தன பத்து இடம் இறக்கறது அது ஒண்ணு தான். 2018ல முதுகு ஆபரேஷனால மைக்கேல் போர்ட்டர் ஜூனியர் 14க்கு சறுக்கினான், டென்வர் எடுத்தாங்க, 2023ல அவங்க கோப்பை ஜெயிச்ச டீம்ல ஆடினான். 2014ல கால் எலும்பு உடைஞ்ச ஜோயல் எம்பீட மூணாவதா எடுத்த ஃபிலடெல்பியா ரெண்டு சீசன் முழுசா காத்துக்கிட்டிருந்துச்சு. எலும்பு ஒட்டுமா ஒட்டாதாங்கறது ஒரு கேள்வி. ஒட்டுற வரைக்கும் காத்திருக்க முதலாளிக்குப் பொறுமை இருக்காங்கறது இன்னொண்ணு.

டீமுக்காக நேர்ல போய் ஆள் பாக்குற ஸ்கவுட்டு வேற ஒண்ணப் பாப்பான். டிவி கேமரா பந்து பின்னாடியே ஓடும். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது இவன் தலை திருப்பித் திருப்பிப் பாக்குறானா, கூட ஆடறவனுக்குக் குரல் குடுக்கறானா, வெளிய உக்கார வச்சா துண்ட முகத்துல போட்டுக்கறானா, டைம்அவுட்ல கோச் வாயப் பாக்குறானா கேலரியப் பாக்குறானா. பத்து மேட்ச் பாத்தா பழக்கம் தெரிஞ்சுடும்.

ராயபுரம்_ரீபவுண்டு · பகல் 1:10

யாரும் எடுக்காதவன் கதி? அறுபது பேர் தானே.

திருவொற்றியூர்_டைம்அவுட் · பகல் 1:34

இந்த வருஷம் 59. நியூயார்க்கோட ரெண்டாவது ரவுண்டு பிக்க லீக் பறிச்சுடுச்சு, ஜேலன் பிரன்சன்ங்கற ஆட்டக்காரன் கிட்ட லீக் அனுமதிக்கற நேரத்துக்கு முன்னாடியே பேசினதுக்கு.

ரெண்டாவது ரவுண்டுல காசு உறுதி கிடையாது. உரிமைய வச்சுக்க ஒரு வருஷ குறைஞ்சபட்ச ஒப்பந்தத்த நீட்டினா போதும். அதனால 45க்கு மேல போகும்போது நல்ல ஏஜெண்ட் ‘எங்க பையன எடுக்காதீங்க’ன்னே போன் போடுவாரு. எடுத்துட்டா அந்த ஒரு டீமோட கட்டிப் போட்ட மாதிரி. எடுக்காம விட்டா டிராஃப்ட் முடிஞ்ச நிமிஷத்துல எந்த டீம்ல இடம் காலியோ அங்க போகலாம். 2021ல ஆஸ்டின் ரீவ்ஸ் இப்படித் தான் லேக்கர்ஸ் போனான், டூ-வே ஒப்பந்தத்துல.

டூ-வேன்னா டீமுக்கு மூணு இடம். மெயின் டீம்ல 50 மேட்ச் வரைக்கும், மிச்ச நேரம் ஜி லீக், அதான் என்பிஏவுக்கு அடுத்த படியில இருக்குற லீக். சம்பளம் புதுசா வர்றவனோட குறைஞ்சபட்சத்துல பாதி. அதுக்கும் கீழ எக்ஸிபிட் 10னு கேம்ப் (சீசனுக்கு முந்தின பயிற்சி முகாம்) ஒப்பந்தம். கேம்ப்ல கழட்டி விட்டாலும் அந்த டீமோட ஜி லீக் அணியில 60 நாள் இருந்தா ஒரு போனஸ். பேரு தெரியாதவன் முக்கால்வாசி பேர் இந்தக் கதவு வழியா தான் நுழையறான். டிராஃப்ட்ல எடுத்தும் வெளிநாட்டுலயே விட்டு வைக்கறதும் உண்டு. நிக்கோலா யோகிச்ச 2014ல 41ஆவதா எடுத்து ஒரு வருஷம் செர்பியாவுலயே விட்டாங்க.

தண்டையார்பேட்டை_டிஃபென்ஸ் · பகல் 2:20

பிக்க விக்கறது வாங்கறது இல்லாம இந்த இழை முடியாது. சுருக்கமா சொல்றேன்.

வரப்போற ஏழு வருஷத்து பிக் வரைக்கும் இப்பவே விக்கலாம். ஆனா வரப்போற வருஷங்கள்ல அடுத்தடுத்து ரெண்டு வருஷம் முதல் ரவுண்டு பிக் இல்லாம இருக்கக் கூடாது. 80கள்ல கிளீவ்லேண்ட் முதலாளி டெட் ஸ்டெப்பியன் எல்லாத்தையும் வித்துத் தீத்ததுக்குப் போட்ட கட்டு, அவர் பேர்லயே இருக்கு. அதனால தான் 2026, 2028, 2030னு ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் பிக் கை மாறும். நடு வருஷத்துக்கு ‘ஸ்வாப்’, அதாவது ரெண்டு பிக்ல எது ஒசத்தியோ அத நீ எடுத்துக்கோ, மட்டத்த நான் வச்சுக்கறேன். ‘டாப்-4 புரொடெக்ஷன்’னா முதல் நாலுக்குள்ள விழுந்தா குடுக்க மாட்டேன், அதுக்குக் கீழ போனா குடுத்துடறேன்.

புரொடெக்ஷன் போடாம குடுத்தா? 2013ல புரூக்ளின் வயசான ஸ்டார்களுக்காக பாஸ்டனுக்கு 2014, 2016, 2018 முதல் ரவுண்டு பிக்கும், 2017க்கு ஸ்வாப்பும் குடுத்துச்சு. ஒண்ணுலயும் காப்பு இல்ல. ஸ்டார்கள் கிழவனாகி டீம் படுத்துடுச்சு. 2016 பிக்ல ஜேலன் பிரவுன். 2017ல ஸ்வாப் பண்ணது முதல் பிக்காவே வந்துச்சு. அத ஃபிலடெல்பியாவுக்குக் குடுத்து மூணாவதுக்கு இறங்கி, மேல இன்னொரு பிக்கும் வாங்கி, ஜேசன் டேட்டம். 2024ல பாஸ்டன் கோப்பை வாங்கும்போது அந்த ரெண்டு பேரும் தான் தூண்.

இந்த வாரம் நியூ ஆர்லியன்ஸ் பண்ணதப் பாருங்க. 23ல இருந்து 13க்கு ஏற, டெரிக் குவீனுக்காக, அட்லாண்டாவுக்கு 2026 முதல் ரவுண்டு பிக்க காப்பு இல்லாம குடுத்திருக்காங்க. பையன் நல்லா வரலாம். ஆனா போன சீசன் 21 மேட்ச் ஜெயிச்ச டீம், அடுத்த வருஷ பிக்க பூட்டு போடாம குடுக்கறது வாடகை வீட்டு சாவிய பக்கத்து வீட்டுக்காரன் கிட்ட குடுத்துட்டு ஊருக்குப் போற மாதிரி.

பேசின்பிரிட்ஜ்_பாயிண்ட் · மாலை 4:48

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. வியாசர்பாடி, புளியந்தோப்புன்னு நம்ம பக்கம் ஒரு 17 வயசுப் பையன் ஆறடி எட்டு அங்குலம் இருக்கான்னு வைங்க. அவனுக்கு இந்த வழியில ஏதாவது ஒரு படி இருக்கா, இல்ல ரயில்வே கோட்டா தானா?

பெரம்பூர்_பிவட் · மாலை 5:30

இந்தியாவுல இருந்து டிராஃப்ட்ல போனது சத்னம் சிங் தான். பஞ்சாப்காரன், ஏழடி ரெண்டு. 2010ல 14 வயசுல ஸ்காலர்ஷிப்ல ஃப்ளோரிடா போய், 2015ல 52ஆவதா டல்லாஸ் எடுத்தாங்க. லீக் மேட்ச் ஒண்ணு கூட ஆடல. அப்புறம் ஜி லீக் டிராஃப்ட் வழியா பல்பிரீத் சிங், அம்ஜோத் சிங். 2017ல டெல்லி பக்கத்துல ஆரம்பிச்ச என்பிஏ அகாடமில இருந்து பிரின்ஸ்பால் சிங் ஜி லீக் இக்னைட்ங்கற அணிக்குப் போனான். இக்னைட்டும் 2024ல மூடியாச்சு.

விதிப்படி வெளிநாட்டுப் பையன் 22 ஆகற ஆண்டுல தானாவே டிராஃப்ட்டுக்குத் தகுதி. அதுக்கு முன்னாடின்னா 19 ஆகற ஆண்டுல இருந்து, டிராஃப்ட்டுக்கு 60 நாளுக்கு முன்ன எழுதிக் குடுக்கணும், வேணாம்னா 10 நாளுக்கு முன்ன வாபஸ் வாங்கலாம். ஆனா எழுதிக் குடுக்கறதுல ஒண்ணும் இல்ல, யாராவது பாத்திருக்கணும். பாக்க வைக்கற வழி இந்திய அண்டர் 16, அண்டர் 18 அணிக்குள்ள போய் ஆசியப் போட்டியில ஆடறது, இல்லன்னா அமெரிக்க ஸ்கூல், காலேஜ். காலேஜ்னா அவங்க கேக்கறது 9ஆம் வகுப்புல இருந்து மார்க் ஷீட், அதுல 16 பாடம் தேறியிருக்கணும். இங்க பசங்க பத்தாவது மார்க் ஷீட்ட மட்டும் லேமினேட் பண்ணி வச்சுட்டு ஒம்போதாவத தொலைச்சுடறாங்க. ஸ்கூல்ல சீல் போட்டு வாங்கி வை.

ஆட்டத்துல பெரிய தப்பு ஒண்ணு நம்ம ஊர்ல நடக்குது. உயரமான பையன் கிடைச்சா உடனே ரிங்குக்குக் கீழ நிறுத்திடுவாங்க. ஸ்கூல் மேட்ச் ஜெயிக்கும். ஆனா ஆறடி எட்டு என்பிஏல உயரம் இல்ல, அங்க அந்த உயரத்துக்காரன் வெளிய நின்னு பந்து தட்டி மூணு போடறான். 17 வயசு வரைக்கும் முதுகக் காட்டி மட்டும் ஆடினவனுக்கு இடது கையால பந்து தட்ட வராது, எதிர்ல வேகமானவன் வந்தா கால் நகராது. அவன் பேர ஸ்கவுட்டு ரெண்டு நிமிஷத்துல அடிச்சுடுவான்.

கோட்டாவ கேவலமா நினைக்காத. ஐசிஎஃப், இந்தியன் வங்கி, ஐஓபி மாதிரி அணிகளால தான் இந்த ஊர்ல பெரியவங்க பாஸ்கெட்பால் உசிரோட இருக்கு. ஆனா பொறுக்குற முறையே தலைகீழ். ரயில்வே விளையாட்டுக் கோட்டாவுல ட்ரையலுக்கு 40 மார்க், அதுல 25 எடுத்தா தான் தகுதி. ஏற்கனவே வாங்கின சர்டிபிகேட்டுக்கு 50. படிப்புக்கு 10. பாதி மார்க் போன வருஷங்களுக்கு. டிராஃப்ட் குடுக்கற காசு முழுக்க இன்னும் ஆடாத வருஷங்களுக்கு. அதனால கோட்டாவுக்குப் போறவன் நேஷனல்ஸ் சர்டிபிகேட்ட சேக்கணும், அங்க போக நினைக்கறவன் வீடியோவ சேக்கணும். வெறும் டங்க் தொகுப்பு இல்ல, முழு மேட்ச், தோத்ததும் சேத்து.

எர்ணாவூர்_எக்ஸ்பிரஸ் · மாலை 6:02

வீடியோவோட அளவும் குடுக்கணும், கோச்சுங்க முதல்ல கேக்கறது அது. உயரம், கை விரிப்பு, நின்ன கை உயரம், எடை, அளந்த தேதி. கூட்டிச் சொன்னா முதல் நாளே மாட்டிப்பாங்க.

பேசின்பிரிட்ஜ்_பாயிண்ட் · மாலை 6:09

கை விரிப்பு எப்படி அளக்கறது அக்கா? டெய்லர் டேப் போதுமா?

எர்ணாவூர்_எக்ஸ்பிரஸ் · மாலை 6:21

டெய்லர் டேப் வேணாம், பழசானா இழுபட்டுடும், அளவு கம்மியா காட்டும். இரும்பு டேப். ஷூ, சாக்ஸ் கழட்டி முதுகு, பின்னந்தலை, குதிகால் மூணும் சுவத்துல ஒட்டி நிக்கணும். கை தோள் மட்டத்துக்கு நேரா விரிக்கணும், உள்ளங்கை முன்னாடி பாக்கணும். நடு விரல் நுனில இருந்து நடு விரல் நுனி, ரெண்டு பக்கமும் சுவத்துல பென்சில் கோடு போட்டுட்டு ஆள நகத்திட்டு அளங்க. தப்பு வர்றது ரெண்டு இடத்துல: ஒரு கை கொஞ்சம் இறங்கிடும், இல்ல பையன் ஆசைல ஒரு பக்கமா சாய்வான். அதுக்குத் தான் இன்னொருத்தர் எதிர்ல நின்னு பாக்கணும். நின்ன கை உயரத்துக்கு பாதம் முழுக்க தரையில இருக்கணும், குதிகாலுக்கு அடியில ஒரு காகிதத்த வச்சு இழுத்துப் பாருங்க, உருவிட்டு வந்தா எக்குறான்னு அர்த்தம். மூணு தடவ அளந்து நடு எண்ண எழுதுங்க. காலைல அளந்தா உயரம் ஒரு சென்டிமீட்டர் கூட வரும், அதனால நேரத்தையும் பக்கத்துல எழுதுங்க.